சீட்டும் சுற்றிய கையும்

திருவண்ணாமலையில் மலையைச் சுற்றிச் செல்லும் 14 கிலோமீட்டர் பாதையில் பெட்டிக்கடைகளுக்குக் குறைவில்லை. அவற்றுள் ஒன்றில் பீடிக்கட்டு ஒன்றை வாங்கி உற்று நோக்குவோர், அதன் மேற்றாளில் பெரும்பகுதியை நோயுற்ற உடலின் படமும் எச்சரிக்கை வாசகமும் பிடித்துக்கொண்டிருப்பதைக் காண்பர். எஞ்சிய ஓரத்தில் ஒரு பெயர், ஓர் எண், சில சமயம் தலைப்பாகை அணிந்த பெரியவர் ஒருவரின் மங்கிய உருவம். பொதியின் முகப்பில் நூற்றுக்கு 85 பங்கு எச்சரிக்கைக்கே உரியது என்னும் விதி 2016 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் பல பத்தாண்டுகளாகத் தாள் முழுவதையும் ஆண்டுவந்த பெயரும் எண்ணும் உருவமும் இன்று மூலையில் ஒதுங்கி நிற்கின்றன. அவ்வாறு ஒதுங்கியவற்றின் வரலாற்றையே இங்கு ஆராய முற்படுகின்றோம்.

இவ்வூரையும் புகையையும் சேர்த்துப் பேசும்போது யோகி ராம்சுரத்குமாரை நினையாதிருக்க இயலாது. 1959-இல் இங்கு வந்து, 2001-இல் மறையும்வரை இவ்வூரையே தம் இருப்பிடமாகக் கொண்ட அவரை மக்கள் விசிறி சாமியார் என்றழைத்தனர். விசிறியையும் கொட்டாங்கச்சியையும் போலவே சிகரெட்டும் அவர் கையை விட்டு அகலாதிருந்தது. அவர் நெறியை ஆராய்வது நம் வேலையன்று. துறவி ஒருவரின் கையில் இருந்தபோதும் அந்தப் பெட்டியின் மேல் ஒரு வணிகரின் முத்திரை இருந்தது; நம் நோக்கம் அந்த முத்திரையின் மீதுதான்.

புகையிலை இந்நாட்டுக்குப் போர்த்துகீசியர் வழியாக வந்தது. பீஜப்பூருக்குத் தூது சென்று திரும்பிய அஸது பேக், 1604-05 அளவில் அக்பரின் அவையில் புகைக்குழாய் ஒன்றைக் காணிக்கையாக வைத்தார். பேரரசர் சில முறை இழுத்துப் பார்த்தார். ஹக்கீம்களோ, தம் மருத்துவ நூல்களில் இப்பொருளைப் பற்றி ஒன்றுமே இல்லையே என்று தயங்கினர். இந்நிகழ்ச்சியை அஸது பேக் தம் குறிப்புகளில் சுவைபட எழுதிவைத்துள்ளார். 1617-இல் ஜஹாங்கீர் புகைத்தலைத் தடை செய்தார். 1633-இல் உதுமானிய சுல்தான் நான்காம் முராத் இன்னும் கடுமையாக, மரண தண்டனை என்றே ஆணையிட்டார். இரு தடைகளும் நிலைக்கவில்லை.

உலமாக்களிடையே எழுந்த விவாதம் இதனினும் ஆழமானது. கெய்ரோவின் மாலிகி அறிஞர்களான இப்ராஹீம் அல்லகானியும் (மறைவு 1632) அலீ அல்உஜ்ஹூரியும் (மறைவு 1656) ஒரே மத்ஹபைச் சேர்ந்தவர்கள். முன்னவர் புகையை விலக்கச் சொல்லி நூல் எழுதினார். பின்னவர், அறிவை மயக்காதவரை அது ஆகுமானதே என்று நிறுவ நூல் எழுதினார். திமிஷ்கின் ஹனஃபி அறிஞரும் சூஃபியுமான அப்துல் கனீ அந்நாபுலூஸி 1682-இல் ஆகுமென்ற கட்சிக்கு வலிமை சேர்த்தார். குர்ஆனிலும் ஹதீஸிலும் நேரடியாகச் சொல்லப்படாத ஒரு பொருளை எவ்வாறு தீர்ப்பது என்பதற்கு இவ்விவாதம் நல்ல எடுத்துக்காட்டு. ஹராம், மக்ரூஹ், முபாஹ் என்னும் மூன்று விடைகளும் மூன்று நூற்றாண்டுகள் அருகருகே வாழ்ந்தன. நுரையீரல் புற்றுநோய்க்கும் சிகரெட்டுக்கும் உள்ள தொடர்பை டால், ஹில் எனும் ஆங்கிலேய ஆய்வாளர் இருவர் 1950-இல் வெளியிட்ட பின்னரே, சான்றுகள் பெருகப் பெருக, ஃபத்வாக்களின் சாய்வு விலக்கும் பக்கம் திரும்பியது. இந்நூல்களெல்லாம் புகைப்பவனைப் பற்றிப் பேசின. புகையிலையைப் பொதிந்து விற்பவனையும் பொதிபவனையும் பற்றிய கேள்வி பின்னால் வரும்.

தொடக்கத்தில் பொதியும் இல்லை, பெயரும் இல்லை. சந்தையில் புகையிலை சிப்பமாக வந்து நிறுத்து விற்கப்பட்டது. யாழ்ப்பாணம், வேதாரணியம் என்று விளைந்த ஊரின் பெயரே தரத்தின் பெயராக நின்றது. மூக்குப்பொடியை வாழைப்பட்டையில் மடித்துக் கொடுத்தனர். பொடிமட்டை என்ற சொல் அதனின்று பிறந்ததே. சரக்கின் மணத்துக்கும் காரத்துக்கும் விற்றவரின் முகமே பொறுப்பு. இருப்புப்பாதை வந்து, செய்தவர் ஓர் ஊரிலும் வாங்குபவர் நூறு கல்லுக்கு அப்பாலும் ஆனபோது, அந்த முகத்தின் இடத்தில் ஒரு தாள் தேவைப்பட்டது. திண்டுக்கல்லின் அங்கு விலாஸ் புகையிலையும், சென்னையின் டி.ஏ.எஸ். ரத்தினம் பட்டணம் பொடியும் இவ்வாறு தாளால் ஊர்தாண்டிப் பெயர் பெற்றவை.

தாளின் வல்லமையை முதலில் உணர்ந்து பயன்படுத்தியவர்கள் சுருட்டு வணிகர்களே. ஆங்கிலத்தின் 'செரூட்' என்னும் சொல் நம் சுருட்டிலிருந்து சென்றது. உறையூரில் சுருட்டப்பட்டது 'டிரிச்சினாப்பொலி' என்ற பெயரில் இலண்டன்வரை அறியப்பட்டிருந்தது. 1887-இல் வெளிவந்த முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் கதையிலேயே துப்பறிவாளர் அதன் சாம்பலைக் கண்டு கொலைகாரனைப் பற்றிய துப்பொன்றைப் பெறுகிறார். ஆனால் திண்டுக்கல் இலையில் செய்த சுருட்டை இலண்டனில் விற்றவர்கள் அதற்கு 'ஃப்ளோர் டி டிண்டிகல்' என்று பாதி ஸ்பானியப் பெயர் சூட்டினர். இலை நம்முடையது, சுற்றிய விரல் நம்முடையது, பெட்டியின் மேலிருந்த பெயரோ கியூபாவின் ஹவானாச் சுருட்டை நினைவூட்டுவதற்காக ஒட்டப்பட்டது. சீட்டு உண்மையைச் சொல்வதற்காக மட்டும் ஒட்டப்படுவதில்லை என்பதற்கு இதுவே பழைய சான்று.

சிகரெட்டுக்கு வருவோம். 1910-இல் கல்கத்தாவில் நிறுவப்பட்ட இம்பீரியல் டொபாக்கோ கம்பெனி ஆங்கில முத்திரைகளை நாடெங்கும் பரப்பியது. கத்தரிக்கோல் படம் போட்ட சிசர்ஸ் சிகரெட் படைவீரர்களிடம் தொடங்கிக் கடைத்தெருவுக்கு வந்தது. இவற்றுக்கு எதிரே நம் கவனத்துக்குரியது சார்மினார். வஜீர் சுல்தான் என்பார் ஹைதராபாத்தில் 1916-இல் தொடங்கிய தொழில், 1930-இல் வரையறுக்கப்பட்ட கம்பெனியாயிற்று. மஞ்சள் பெட்டியில் சார்மினாரின் நான்கு கோபுரங்கள், வடிகட்டி இல்லாத காரமான சிகரெட், மலிவான விலை. கூலித் தொழிலாளியும் கல்லூரி மாணவரும் எழுத்தாளரும் ஒருங்கே நாடிய சரக்கு அது. வங்கத்தில் சத்தியஜித் ராய் படைத்த துப்பறிவாளர் ஃபெலூதாவின் விரலிடையிலும் அதுவே இருந்தது.

சார்மினார் என்ற கட்டடத்தை எண்ணிப் பார்க்க வேண்டும். 1591-இல் முஹம்மது குலீ குதுப் ஷா எழுப்பியது. ஹிஜ்ரி ஆயிரமாவது ஆண்டு பிறந்ததும் அவ்வாண்டிலேதான். அதன் மேல்தளத்தில் தொழுகைக்கான பள்ளிவாசல் ஒன்று உண்டு. அல்லாஹ்வின் திருநாமம் எழுதிய தாள் தரையில் கிடந்தால் எடுத்துக் கண்ணில் ஒற்றி உயரமான இடத்தில் வைப்பது நம் முன்னோர் வழக்கம். பள்ளிவாசலைத் தாங்கிய கட்டடத்தின் உருவமோ நாள்தோறும் கசக்கப்பட்டுச் சாக்கடையில் விழுந்தது. அதைப் பற்றி எவரும் குறைப்பட்டதாகத் தெரியவில்லை. குறைப்படக் கூடாத அளவுக்கு அது பழகிய படமாகிவிட்டது என்பதே காரணமாகலாம். முத்திரையாக மாறும் எந்த உருவமும் தன் பழைய பொருளை மெல்ல இழக்கிறது.

பீடிச் சீட்டுகளில் இந்த இழப்பு இன்னும் விரிவாக நடந்தது. பீடி குஜராத்தில் தோன்றியது என்பர். 1899-ஆம் ஆண்டைய பெரும்பஞ்சத்தையொட்டி அங்கிருந்து ஜபல்பூர்ப் பக்கம் குடிபெயர்ந்த வணிகர்கள், அக்காடுகளில் மண்டிக் கிடந்த தெந்து இலையின் பயனைக் கண்டனர். மெல்லிய இலை, நனைத்தால் வளையும், காய்ந்தாலும் எளிதில் உடையாது. சுதேசி இயக்கம் ஆங்கிலச் சிகரெட்டைப் புறக்கணிக்கச் சொன்னபோது பீடி அவ்விடத்தைப் பிடித்தது. மத்திய இந்தியாவின் இலையும், குஜராத், நிப்பாணிப் பக்கத்துத் தூளும் இருப்புப்பாதை வழியே தெற்கே இறங்கின. மங்களூர், கண்ணூர், திருநெல்வேலிச் சீமை, வட ஆர்க்காடு ஆகியவை பீடி சுற்றும் நிலங்களாயின.

பீடியின் முகம் அதன் சீட்டு. 25 பீடிகளைக் கட்டாகக் கட்டி, கூம்பு வடிவில் தாளைச் சுற்றி, மேலே வண்ணச் சீட்டை ஒட்டினர். பீடியில் கட்டும் நூலின் நிறமும் அடையாளமாயிற்று: ஒரு கம்பெனிக்குச் சிவப்பு, மற்றொன்றுக்குப் பச்சை. வாங்குபவரில் பலர் எழுத்தறியாதவர். ஆகவே எண்கள் பெயர்களாயின. கணேஷ் பீடியின் 501 அவ்வாறு புகழ்பெற்றது. முதலாளியின் படத்தையே சீட்டில் அச்சிட்டு, போலிகளைக் கண்டு ஏமாறாதீர் என்று எழுதினர். கடையில் இருந்து மறைந்த அந்த முகம் இப்படித் தாளிலே திரும்பி வந்தது. வணிக முத்திரைக்கென்று தனிச் சட்டம் 1940-இல்தான் இயற்றப்பட்டது. அதற்கு முன் போலியைத் தடுக்க முகமும் எச்சரிக்கையும் ஓரளவேனும் உதவின. 1920-களிலிருந்து சிவகாசியில் தீப்பெட்டித் தொழிலோடு சேர்ந்து வளர்ந்த அச்சுக்கூடங்கள் இத்தகைய சீட்டுகளைக் குறைந்த விலையில் வண்ணத்தில் அடித்துத் தந்தன.

பெயர்களைப் பாருங்கள். முக்கூடலில் சொக்கலால் ராம் சேட், திருநெல்வேலியில் சையது, காஜா, மங்களூரில் கணேஷ். பிறையும் விண்மீனும், 786 என்னும் எண்ணும் தாங்கிய சீட்டுகளும் உண்டு. காஜா என்ற ஒலி நம் காதுக்கு அஜ்மீரையே நினைவூட்டும். விநாயகர் பெயர் தாங்கிய பீடியைக் கடலோரக் கன்னட நாட்டில் முஸ்லிம் பெண்கள் சுற்றினர். முஸ்லிம் பெயர் தாங்கிய பீடியைத் தாமிரபரணிக் கரையில் இந்துப் பெண்களும் சுற்றினர். சமயப் பெயர் வாங்குபவரின் நம்பிக்கைக்காக இடப்பட்டது. சுற்றியவரின் சமயத்தைப் பற்றி அது எதுவும் சொல்லாது. நல்லிணக்கத்தின் சான்று என்று இதனைப் பாராட்டிக் கட்டுரை எழுதுவது எளிது. நாம் அவ்வளவு விரைவாக மகிழ வேண்டியதில்லை. அனைத்துச் சமயப் பெண்களுக்கும் ஒரே கூலி, ஒரே இருமல் என்பதுதான் அந்த இணக்கத்தின் பெரும்பகுதி.

வேலையின் முறையை அறிந்தால் இது தெளியும். இலையை இரவு நனைத்து வைக்க வேண்டும். காலையில் தகட்டு அளவை வைத்துக் கத்தரியால் வெட்ட வேண்டும். மடியில் முறத்தை ஏந்தி, ஒவ்வோர் இலையிலும் கால் கிராமுக்கும் குறைந்த தூளை இட்டு, உருட்டி, நுனியை மடக்கி, நூலால் கட்ட வேண்டும். ஆயிரம் பீடிதான் கூலியின் அளவு. ஆயிரம் என்பது 40 கட்டு, 40 சீட்டு. ஆனால் அந்த 40 சீட்டுகளில் ஒன்றுகூட அவள் வீட்டுக்கு வராது. இலையும் தூளும் ஒப்பந்தக்காரர் மூலம் தெருத்தெருவாகப் போகும். சீட்டு மட்டும் கம்பெனியின் உள்ளறையில் பூட்டியிருக்கும். சீட்டு ஒட்டாத பீடிக்கு வெளியே பெயரில்லை, பெயரில்லாததற்கு விலையும் குறைவு. தொழிலின் வேறு எந்தப் பகுதியையும் வெளியாளிடம் ஒப்படைக்கலாம். சீட்டு ஒட்டுதலை ஒப்படைத்தால் கம்பெனியே கைமாறிவிடும்.

சட்டமும் இதே இடத்தில்தான் முட்டியது. பீடி, சுருட்டுத் தொழிலாளர் பணி நிலைமைச் சட்டம் 1966-இல் வந்தது. வீட்டிலிருந்து சுற்றுபவரும் தொழிலாளியே என்று அது கூறியது. கம்பெனிகளோ, தொழிலாளரை அமர்த்தியவர் ஒப்பந்தக்காரர், எமக்குத் தொடர்பில்லை என்றன. கேரளம் அச்சட்டத்தை நடைமுறைப்படுத்த முற்பட்ட 1968-இல், கணேஷ் பீடி கண்ணூர்ப் பகுதியில் தன் நிலையங்களை மூடிவிட்டுச் சென்றது. வேலையிழந்தோர் 1969 பிப்ரவரியில் கூட்டுறவாகத் திரண்டு தமக்கென ஒரு பெயரைப் படைத்தனர்: தினேஷ் பீடி. சுற்றுபவரே சீட்டுக்கும் உரிமையாளராயினர். அங்கு ஒருவர் நாளேட்டை உரக்க வாசிக்க, மற்றவர் கேட்டபடியே சுற்றும் வழக்கமும் இருந்தது. பிற்காலத்தில் பீடி தேய்ந்தபோது, அதே பெயரில் உணவுப் பொருளும் குடையும் செய்யத் தொடங்கினர். தமிழ்நாட்டில் அப்படியொரு பெயர் எழவில்லை. ஏன் எழவில்லை என்பது தனி ஆய்வுக்குரியது. வேலை வீடுகளுக்குள் சிதறிக் கிடந்ததும், சுற்றியவர் பெரும்பாலும் பெண்களாயிருந்ததும் காரணங்களில் அடங்கும் என்பது நம் கருத்து.

1974-இல் உச்ச நீதிமன்றம் மங்களூர் கணேஷ் பீடி ஒர்க்ஸ் தொடுத்த வழக்கில் அச்சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. ஒப்பந்தக்காரரை நடுவில் நிறுத்தி உற்பத்தியாளர் பொறுப்பிலிருந்து நழுவ முடியாது என்பது அதன் சாரம். அதே நிறுவனம் நாற்பது ஆண்டுகள் கழித்து வேறொரு வழக்கில் மீண்டும் அம்மன்றத்துக்கு வந்தது. இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும். 1940-இல் கூட்டு வணிகமாகத் தொடங்கிய அது 1987-இல் கலைந்தது. 1994 நவம்பரில் பங்காளிகளுக்குள்ளேயே ஏலம் நடந்து 92 கோடி ரூபாய்க்குக் கைமாறியது. எடுத்தவர்கள், அத்தொகையில் கணிசமான பகுதி வணிக முத்திரை, பதிப்புரிமை, தொழில்முறை அறிவு ஆகியவற்றுக்காகக் கொடுத்தது. இயந்திரத்துக்குப் போல அவற்றுக்கும் தேய்மானக் கழிவு வேண்டும் என்று வருமான வரித் துறையிடம் வாதிட்டனர். 2015-இல் உச்ச நீதிமன்றம் அதனை ஏற்றது. முதல் வழக்கில் கேள்வி, தொழிலாளிக்கு யார் பொறுப்பு என்பது. இரண்டாம் வழக்கில் கேள்வி, பெயரின் விலை என்ன என்பது. கையால் மட்டுமே செய்யப்படும் ஒரு பொருளில், கைக்கு உரியது ஆயிரத்துக்கு இவ்வளவு என்ற கூலி. பெயருக்கு உரியது கோடிகள்.

இனி நம்மவரிடம் வருவோம். மேலப்பாளையமும் கடையநல்லூரும் நெசவூர்களாக இருந்தவை. கைத்தறி நலிந்தபோது வீட்டில் தறி நின்ற இடத்தில் முறம் வந்து அமர்ந்தது. வெளியே வேலைக்குச் செல்லாத பெண்களுக்குத் திண்ணையிலேயே கிடைத்த வருவாய் அது. மகளுக்கு மஹர் பேசவரும்போது எத்தனை ஆயிரம் சுற்றுவாள் என்பதும் தகுதியாகக் கேட்கப்பட்ட காலமுண்டு. வட ஆர்க்காட்டில் குடியாத்தம், வேலூர்ப் பகுதிகள் இத்தொழிலில் பெயர் பெற்றவை. திருவண்ணாமலை 1989-இல் தனி மாவட்டமாகப் பிரியும்வரை அதே வட ஆர்க்காட்டின் பகுதிதான். அம்மாவட்டத்தின் மற்றொரு முகத்தை, மனித உரிமைக் கண்காணிப்பகம் இந்தியக் கொத்தடிமைச் சிறார் பற்றி 1996-இல் வெளியிட்ட அறிக்கை காட்டியது. முன்பணத்துக்காகப் பீடி வேலைக்கு அடகு வைக்கப்பட்ட பிள்ளைகளின் நிலை அதில் பதிவாகியுள்ளது. அவர்கள் சுற்றிய பீடியின் மேலும் ஒரு வண்ணச் சீட்டு ஒட்டப்பட்டிருக்கும். அதில் ஒரு கடவுளின் பெயரோ, வலியுல்லாஹ் ஒருவரின் பெயரோ, கண்ணியமான முதியவரின் முகமோ இருந்திருக்கும்.

புகைப்பவனைப் பற்றிய ஃபத்வாக்கள் ஏராளம். சுற்றுபவளைப் பற்றிய ஃபத்வா எத்தனை? ஃபிக்ஹில் அதற்கு வழியில்லாமல் இல்லை. திம்மிக்காக மதுவைச் சுமந்து செல்லும் கூலியாளின் ஊதியம் ஆகுமா என்பது ஹனஃபி நூல்களில் புகழ்பெற்ற கேள்வி. இமாம் அபூஹனீஃபா ஆகும் என்றார். அவருடைய மாணவர்கள் அபூ யூசுஃபும் முஹம்மதும் அதனை வெறுத்தனர். ஆக, தடுக்கப்பட்ட பொருளோடு தொடர்புடைய உழைப்பையும் அதன் கூலியையும் தனித்தனியே நிறுத்து ஆராயும் மரபு நமக்கு உண்டு. அம்மரபில் நின்று, வேறு வழியற்றுப் பீடி சுற்றும் பெண்ணின் கூலி, அவளிடமிருந்து கழிவு என்று தள்ளி விலை கொடுக்காமல் எடுத்துக்கொள்ளப்படும் பீடி, கம்பெனியின் இலாபத்திலிருந்து பள்ளிவாசலுக்கு வரும் நன்கொடை ஆகிய மூன்றையும் ஒருசேர எடுத்துப் பேசிய ஜும்ஆ உரைகள் அரிது. நன்கொடை ஏற்கப்பட்டது; கல்வெட்டும் வைக்கப்பட்டது. புகைப்பவன் மட்டும் கண்டிக்கப்பட்டான். வியர்வை உலருமுன் கூலியைக் கொடுக்கச் சொன்ன மார்க்கத்தில் இந்த வரிசை நமக்கு நெருடலாகவே படுகிறது.

சீட்டின் கடைசிக் கட்டம் அரசினுடையது. 1975-ஆம் ஆண்டுச் சட்டம் சிகரெட் பெட்டியில் ஒரு வரி எச்சரிக்கையை அச்சிடச் செய்தது. பீடி அதற்குள் வரவில்லை. 2003-இல் வந்த சட்டம் எல்லாப் புகையிலைப் பொருள்களையும் சேர்த்துக்கொண்டது. 2009 மே 31 முதல் பட எச்சரிக்கை கட்டாயமாயிற்று. 85 பங்கு விதியைக் கர்நாடக உயர் நீதிமன்றம் 2017 டிசம்பரில் நீக்க, அடுத்த மாதமே உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை நிறுத்தி வைத்தது. நம்பி வாங்குங்கள் என்று சொல்லப் பிறந்த தாள், வாங்காதீர்கள் என்று சொல்லும் தாளாயிற்று. படத்தில் வருவது புகைத்தவரின் வாயும் தொண்டையும். தூளை நாளெல்லாம் மூச்சில் ஏற்றி, விரலின் தோல் வழியே நிகோட்டின் ஏறப் பெற்ற, முதுகு வளைந்த பெண் அந்தப் படத்திலும் இல்லை. பழைய சீட்டிலும் இல்லை.

தீப்பெட்டிச் சீட்டுகளைப் போலவே பீடிச் சீட்டுகளையும் இன்று ஆர்வலர்கள் சேகரிக்கின்றனர். நல்ல முயற்சி. அவர்களிடமும் நம் வாசகர்களிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. கூலிக் கணக்கு எழுதிய சிறு புத்தகங்கள் சில வீடுகளில் இன்னும் பரணில் கிடக்கின்றன. கொடுத்த இலை எத்தனை, தூள் எத்தனை, திரும்பிய பீடி எத்தனை, கழித்தது எத்தனை என்று நாள்வாரியாக மையால் எழுதப்பட்டவை. வட ஆர்க்காட்டு ஊர்களில் பழைய வீடுகளை இடித்துக் கட்டும்போது இவையே முதலில் குப்பைக்குப் போகின்றன. சீட்டு ஒன்று கிடைத்தால், அதே கம்பெனியின் கூலிப் புத்தகம் ஒன்றையும் தேடிப் பிடித்து இரண்டையும் ஒரே உறையில் வைக்க வேண்டும். உறையின் மேல் ஊரையும் ஆண்டையும் எழுத மறக்க வேண்டாம்.